குளியலறைக் கதவுக்கு மஞ்சள் அடித்தது

இருபத்தாறு வருடமாக நான் பிறர் அடித்த பெயிண்டில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். ஓசூரில் மோட்டார் சைக்கிள் டேங்குகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு தொழிற்சாலையில், சுற்றிலும் குழல்விளக்கு எரியும் கூண்டுக்குள் நின்றுகொண்டு, ஒவ்வொரு டேங்கையும் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் பிரஷ்ஷைக் கையில் பிடித்ததில்லை. இந்த உண்மை, எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்கு நானே பெயிண்ட் அடிக்கிறேன் என்று அறிவித்த பிறகுதான் எனக்கே நினைவுக்கு வந்தது. இலக்கிய விமர்சகர்களுக்கு என் நிலைமை புரியும்.

கதவுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டி வந்தது மாமனாரால். அவர் ஓசூருக்குப் பக்கத்து உத்தனப்பள்ளிக்காரர். தக்காளியும் கொத்தமல்லியும் போட்டு, எழுபத்தெட்டு வயதுவரை தன் தோட்டத்துக்குத் தானே தண்ணீர் கட்டியவர். கண்ணில் அழுத்தம் ஏறி, நரம்பு கெட்டு, ஒரு கண் முழுதாகவும் மற்றது முக்கால்வாசியும் போன பிறகு எங்களிடம் வந்தார். வந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. என் மனைவி போய் மூன்று நாள் சண்டை போட்டுக் கூட்டி வந்தாள். காரில் ஏறும்போதே நிபந்தனை போட்டுவிட்டார். கையைப் பிடித்து நடத்துவது, கூடவே துணைக்கு நிற்பது என்று எதையாவது ஆரம்பித்தால் மறுநாளே ஊருக்குப் பஸ் ஏறிவிடுவாராம். எந்த பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று எப்படிப் படிப்பார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே இறங்கியிருப்பார்.

எங்கள் வீட்டில் முன்னறையிலிருந்து உள்ளே ஒரு நடை போகிறது. இடப்பக்கம் இரண்டு கதவு, வலப்பக்கம் இரண்டு கதவு. இடப்பக்கம் மாமனாருக்குக் கொடுத்த அறையும் பூஜை அறையும். வலப்பக்கம் எங்கள் அறையும் குளியலறையும். பூஜை அறைக்கு நேர் எதிரே குளியலறை. வாஸ்து தெரிந்தவர்கள் வீட்டுக்குள் வந்ததும் முதலில் வருத்தப்படுவது இதற்குத்தான். அதனால் குளியலறைக் கதவு எந்நேரமும் மூடியே இருக்க வேண்டும் என்பது என் மனைவியின் சட்டம். நடையின் கோடியில் கிழக்கு பார்த்த ஜன்னல். வெயில் நேராக உள்ளே விழும்.

நான்கு கதவுக்கும் ஒரே அரக்கு நிறம், ஒரே பளபளப்பு. அது என் கைங்கரியம். வீடு கட்டி முடித்தபோது பெயிண்டரிடம், கதவில் என் முகம் தெரிய வேண்டும் என்று சொன்னேன். எங்கள் தொழிற்சாலையில் பளபளப்பை அளக்கவே ஒரு கருவி உண்டு. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்துவந்து கதவில் வைத்துப் பார்த்தவன் நான். டேங்கைவிட அதிகமாகக் காட்டியது. ஒரு வாரம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமனார் வந்த முதல் நாளே நடையில் நின்று, "எல்லாம் ஒண்ணாட்டம் மினுக்குது மாப்ள" என்றார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலை, அவர் பூஜை அறைக் கதவைத் திறந்து உள்ளே போய், வேட்டியைத் தளர்த்திக்கொண்டு சாமி படங்களுக்கு முன்னால் நின்றார். விளக்கேற்ற வந்த என் மனைவி பார்த்துவிட்டு, "நைனா, அது சாமி ரூமு" என்றாள். அவள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு தன் அறைக்குத் திரும்பிப் போனார். அன்று மத்தியானம்வரை வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். முதல் சில நாள் எங்களுக்குத் தெரியவில்லை. காலையில் என் மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிற சொம்பு, சாயங்காலம் எடுக்கும்போது அப்படியே கனத்தது. கேட்டால், ஓசூர்க் குளிருக்குத் தாகம் எடுக்கவில்லை என்றார். உத்தனப்பள்ளிக்கும் ஓசூருக்கும் நடுவில் குளிர் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று நான் கேட்க நினைத்து, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். உதடு வெடித்தது. சிறுநீர் போகும்போது எரிகிறது என்று கடைசியில் அவரே ஒத்துக்கொண்டார். டாக்டர் அவரைத் திட்டுவதற்குப் பதில் எங்களைத் திட்டினார். ஒரு நாளைக்கு இரண்டு லிட்டராவது உள்ளே போகவில்லை என்றால் படுக்க வைத்து ஊசியில்தான் ஏற்ற வேண்டும் என்றார். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் மாமனார் மெதுவாகச் சொன்னார்:

"குடிக்கலாம். குடிச்சா போவணுமே."

கண் ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்வதற்கென்று இருக்கும் அம்மாளிடம் என் மனைவி போனில் பேசினாள். குளியலறைக் கதவை மட்டும் வேறு நிறமாக்குங்கள், சுவருக்கும் மற்றக் கதவுகளுக்கும் சேராத நிறமாக இருக்கட்டும் என்று அந்த அம்மாள் சொன்னார். எந்த நிறம் தெரியும் என்று மாமனாரைக் கேட்டோம். மஞ்சள் கொஞ்சம் தெரிகிறது, ஸ்கூல் வேன் போனால் கண்டுபிடிக்கிறேன் என்றார். அங்கேதான் நான் தலையிட்டேன். ஒரு கதவுக்கு எதற்குப் பெயிண்டர், பெயிண்ட் பற்றி இந்த வீட்டில் ஒருவனுக்குத் தெரியாதா என்று கேட்டேன். என் மனைவி பதில் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதமாக எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்கூல் வேன் மஞ்சளில், இருப்பதிலேயே அதிகப் பளபளப்பான எனாமல் ஒரு டின் வாங்கிவந்தேன். நல்ல பிரஷ். கதவைக் காய்ந்த துணியால் துடைத்தேன். கதவு கண்ணாடியாக மின்னியது. இத்தனை சுத்தமான பரப்பை எங்கள் தொழிற்சாலையில்கூடப் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டேன். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாமா என்று என் மனைவி கேட்டாள். அவளுடைய பெரியப்பா வீட்டுக்கு வெள்ளையடித்தபோது தேய்த்தார்களாம். அது பழைய முறை என்றும், இப்போது வருகிற பெயிண்டெல்லாம் தானாகவே பிடித்துக்கொள்ளும் என்றும் விளக்கினேன். நல்ல பளபளப்பைத் தேய்த்துக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை என்பதை விளக்கவில்லை.

மாலைக்குள் இரண்டு கோட்டு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாமனாரை மட்டும் அன்றைக்கும் மறுநாளும் கொல்லைப்புறத்துக் கழிப்பறைக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. துணி துவைக்கும் கல்லைச் சுற்றி, இரண்டு படி இறங்கி, என் மனைவியின் தோளைத் தொட்டுக்கொண்டு போனார். தோளைத் தொடுவது கையைப் பிடிப்பதில் சேராது என்று அப்பாவும் பெண்ணும் பேசி முடிவு செய்துகொண்டார்கள். ஆனால் அந்த இரண்டு நாளும் சொம்பு நிறைந்தே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவர் தானாகவே போய்க் கதவில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். கையை எடுத்தபோது கையோடு கதவும் வந்தது. கதவு என்றால், கதவின் மேலிருந்த மஞ்சள். பால் ஆடையைக் கரண்டியால் வழிப்பதுபோல ஒரு முழ நீளம் அப்படியே உரிந்து அவர் விரல்களில் தொங்கியது. அடியில் என் பழைய அரக்கு, ஒரு கீறல் இல்லாமல், முன்னைவிட அதிகமாக மின்னிக்கொண்டிருந்தது.

"என்னாதிது, கைல ஒட்டிக்கிச்சு" என்று கையை நீட்டிக்கொண்டு நின்றார். பெயிண்ட் உரிந்துவிட்டது என்று சொன்னேன். விரலில் தொங்கியதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் கம்பெனில உங்களுக்கு சம்பளம் குடுக்கறாங்களா?" என்றார். கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

தமிழில் கதவுக்கு நல்ல மரியாதை உண்டு. பாட்டுப் பாடித் திறந்த கதவு உண்டு, பாட்டுப் பாடி மூடிய கதவும் உண்டு. பாட்டுப் பாடிப் பெயிண்ட்டை ஒட்ட வைத்ததாக நான் படித்த எதிலும் குறிப்பில்லை. எனவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாளை எடுத்தேன்.

மிச்ச மஞ்சளை உரித்தேன். அது மட்டும் சந்தோஷமாக வந்தது. பிறகு தேய்த்தேன். நீளவாக்கில், குறுக்குவாக்கில், கைப்பிடியைச் சுற்றி, மூலையில் விரலால். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது. பளபளப்பு போய்க் கதவு கொஞ்சம் வெளுத்தது. தூசியைத் துடைத்துவிட்டு, இந்தத் தடவை அடிப்பூச்சாக வெள்ளைப் பிரைமர் அடித்தேன். முதல் நிமிடம் நன்றாகவே பரவியது. இரண்டாவது நிமிடம் என் கண்ணெதிரே அது விலக ஆரம்பித்தது. பட்டாணி அளவில் வட்ட வட்டமாக, நடுவில் அரக்கு தெரிய, சுற்றிலும் பெயிண்ட் ஒதுங்கி நின்றது. அடித்த இடத்திலேயே மறுபடியும் அடித்தேன். மறுபடியும் விலகியது. கதவு முழுக்க நூற்றுக்கணக்கான கண்கள் திறந்து என்னைப் பார்த்தன.

இந்தக் குறைக்கு எங்கள் தொழிற்சாலையில் மீன்கண் என்று பெயர். அதன் படத்தைப் பெரிதாக்கி என் மேசைக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரையும் அதற்கு முன்னால் நிறுத்தி வகுப்பெடுப்பேன். பாலிஷிலும் க்ரீமிலும் இருக்கிற சிலிக்கோன் ஒரு துளி பட்டால் போதும், பெயிண்ட் அந்த இடத்தில் உட்காராது. தலைக்கு க்ரீம் தடவிக்கொண்டு பெயிண்ட் ஷாப்புக்குள் கால் வைக்கக் கூடாது. கார் பாலிஷ் போட்ட கையோடு வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவேன். கல்யாணமான மறுநாள் தலையில் ஏதோ வாசனை ஜெல் தடவி வந்த ஒருவரை நிஜமாகவே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எனவே வீட்டுக்குள் சிலிக்கோன் எப்படி வந்தது என்று விசாரணை தொடங்கினேன். எங்கள் தொழிற்சாலையில் எந்தக் குறைக்கும் ஐந்து தடவை ஏன் என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி ஏன். ஐந்தாவது ஏனில் உண்மைக் குற்றவாளி அகப்படுவான் என்பது ஐதீகம். என் மனைவியைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, எதிரே ஒரு பேப்பரோடு உட்கார்ந்தேன். அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். மாமனார் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

பிரைமர் ஏன் ஒட்டவில்லை என்று ஆரம்பித்து, கதவில் வழுவழுப்பு இருப்பதால் என்று நானே முதல் பதிலை எழுதிக்கொண்டேன். வழுவழுப்பு ஏன் என்று அவளைக் கேட்டேன்.

"தொடைக்கறதுனால."

"எதால தொடைக்கற?"

"நான் ஈரத்துணிலதான் தொடைக்கறன். பளபளன்னு தொடைக்கறது நீங்கதான்."

"நான் எப்ப தொடைச்சன்?"

"ஆயுத பூஜைக்கு. வருசா வருசம் கார், ஸ்கூட்டரெல்லாம் தொடைச்சிட்டு, பாட்டில்ல மிச்சம் இருக்குது, வீணாப் போவுதுன்னு நாலு கதவுக்கும் போடுவீங்களே. போன தடவை பிரிட்ஜுக்கும் போட்டீங்க."

பேனாவை மூடி வைத்தேன். மூன்றாவது ஏனிலேயே ஆள் அகப்பட்டு, பேப்பரும் பேனாவுமாக மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். வீடு கட்டி எட்டு வருடம், எட்டு ஆயுத பூஜை. காலையில் தொழிற்சாலையில் மெஷினுக்குப் பொட்டு வைத்து, பொரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வண்டிகளைத் துடைத்து, கார் டேஷ்போர்டுக்குப் போடுகிற சிலிக்கோன் பாலிஷின் மிச்சத்தை எட்டு வருடமாக என் கதவுகளுக்குள் ஊற விட்டிருக்கிறேன். அப்படித் துடைத்த மறுநாள், தலைக்கு ஜெல் போட்டவனை வாசலில் நிறுத்தியிருக்கிறேன்.

மாமனார் விசாரணை முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். அதற்குள் கொல்லைப்புறத்துக்கு ஒரு தடவை போய்வந்துவிடலாமா, இல்லை இன்னும் நேரம் ஆகுமா என்று. அன்றைக்குக் காலையிலிருந்து அவர் குடித்தது அரை டம்ளர் காப்பி.

அந்த வாரம் டாக்டரிடம் மறுபடி போனோம். இன்னும் நான்கு நாள் பார்ப்பேன், அப்புறம் படுக்கைதான் என்றார். ஆஸ்பத்திரிப் படுக்கை என்றால் மாமனாருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அங்கே கட்டிலிலேயே பாத்திரம் வைப்பார்கள். திரும்பி வரும் வழியில், ஊரிலேயே என்னை விட்டுவிடு, அங்கே எந்தப் பக்கம் போனாலும் தோட்டம்தான், கதவே இல்லை என்று மகளிடம் சொன்னார். அவள் ஓட்டிக்கொண்டே அழுதாள். நான் பின்சீட்டில் உட்கார்ந்து, பெயிண்டரைக் கூப்பிட்டிருக்கலாம் என்று முதல் தடவையாக ஒத்துக்கொண்டேன். வாய்விட்டு இல்லை.

கூப்பிட்டுப் பார்க்கவும் செய்தேன். தெரிந்த பெயிண்டர்கள் மூன்று பேரும் புது அடுக்குமாடிகளில் வேலையாக இருந்தார்கள். ஒரு கதவுக்கு அடுத்த மாதம் வருகிறோம் என்றார்கள். எனவே பெயிண்ட் வாங்கிய கடைக்கே போனேன். கடைக்காரர் கெலமங்கலத்துப் பாய். முதல் தடவை நான் அவரிடம் பெயிண்ட் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்திருந்தேன். அவர் அதை மறக்கவில்லை. மீன்கண்ணைப் பற்றிச் சொன்னேன். பாலிஷைப் பற்றியும் சொன்னேன். யார் போட்டது என்பதைச் சொல்லவில்லை.

"கழுவுனீங்களா சார்?" என்றார்.

தேய்த்தேன் என்றேன்.

"தேச்சது சரி. தேய்க்கறதுக்கு முன்னாடி கழுவுனீங்களா? பாலிஷ் மேல உப்புத்தாள் போட்டா அது எங்க போவும்? நீங்களே தேச்சித் தேச்சி உள்ள ஏத்தி உட்டுட்டீங்க."

இதைவிடச் சுருக்கமாக என் மீன்கண் வகுப்பை யாரும் எடுத்ததில்லை. முதலில் சலவைச் சோடாத் தண்ணீரில் கழுவி அலச வேண்டும். பிறகு தின்னரைத் துணியில் நனைத்து ஒரே திசையில் ஒரு இழுப்பு; அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த துணி. அதே துணியைத் திருப்பித் திருப்பிப் போட்டால், எடுத்ததைத் திரும்பப் பூசுகிற கதைதான் என்றார். கடைசியாகக் கதவில் தண்ணீரைத் தெளித்துப் பார்க்க வேண்டும். முத்து முத்தாக உருண்டால் பாலிஷ் இன்னும் இருக்கிறது. தாமரை இலை மாதிரி இல்லாமல், தண்ணீர் விரிப்பாகப் பரவி நின்றால்தான் உப்புத்தாளைத் தொடலாம். அதற்குப் பிறகு, பளபளப்பான பரப்பில் பிடிக்கிற பிரைமர் என்று வேறொரு டின்னை எடுத்து வைத்தார். முன்பே இதை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்க உடலயே சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு ஆணி நிறுக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க முடியாது. லீவு போட்டேன். மேலதிகாரி காரணம் கேட்டபோது, வீட்டில் ஒரு பெயிண்ட் பிரச்சினை என்றேன். அவர் சிரித்துவிட்டு, நான் நகைச்சுவையாகப் பேசுகிறேன் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார்.

கைப்பிடியைக் கழற்றினேன். என் பழைய வேட்டிகள் இரண்டை என் மனைவி துண்டு துண்டாகக் கிழித்து அடுக்கி வைத்திருந்தாள். கதவை யாரும் தொடக் கூடாது என்று அதுவரை எல்லாரையும் கொல்லைப்புறத்துக்கே அனுப்பியிருந்தேன். மீன்கண் பிரைமரைத் தின்னர் போட்டு முழுக்க வழித்தேன். கழுவினேன். துடைத்தேன். தண்ணீர் தெளித்தேன். முத்து முத்தாக உருண்டது. மறுபடி கழுவினேன். மறுபடி உருண்டது, ஆனால் கொஞ்சம் சோம்பலாக. தின்னர் நெடியில் தலை சுற்றியது. எட்டு வருடத்துப் பளபளப்பை ஒரு காலைப்பொழுதில் திரும்பப் பெற வேண்டியிருந்தது. மூன்றாவது கழுவலுக்குப் பிறகு தெளித்த தண்ணீர், உருளாமல், ஒரு விரிப்பாகப் பரந்து, யோசித்துக்கொண்டு நின்றது. அதைப் பார்த்து நான் அடைந்த திருப்தியை வெளியாட்களிடம் சொல்ல முடியாது.

காய்ந்த பிறகு தேய்த்தேன். ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கேயும் ஒரு மின்னல்கூட இல்லாதவரை தேய்த்தேன். நான் பெருமைப்பட்ட பளபளப்பு வெளுத்த மாவாகத் தரையில் கிடந்தது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பிரைமர் அடித்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன். ஒரு கண்ணும் திறக்கவில்லை. சாயங்காலம் இரண்டாவது கோட்டு.

மறுநாள் காலை வெள்ளென எழுந்து, பிளேடால் கதவின் கீழ்மூலையில் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னக் கட்டமாகக் கீறினேன். அதன் மேல் செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தேன். ஒட்டுதலுக்கு எங்கள் தொழிற்சாலைச் சோதனை இதுதான். ஒரு கட்டம்கூடப் பெயரவில்லை. டேப்பை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, காப்பி டம்ளரோடு வந்த என் மனைவி, இரண்டு வாரம் கழித்து ஒழுங்காக அடித்த கதவைப் பிளேடு வைத்துக் கிழிக்கிறவனைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கும் நிலையைத் தாண்டியிருந்தாள்.

இனி மஞ்சள் மட்டும்தான் பாக்கி. டின்னின் மூடியைத் திறந்து, குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தேன். அப்போது மாமனாரின் அறைக் கதவு திறந்தது. அவர் நடையில் நின்றார். அந்த நேரத்துக்கு வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, மூன்று அரக்குக் கதவிலும் பட்டு, மூன்றிலும் ஜன்னலாகவே நின்றது. எனக்கே கண் கூசியது. அவர் தலையை மெதுவாகத் திருப்பினார். நேராக வந்தார். என்னையும் டின்னையும் சுற்றிக்கொண்டு, வெள்ளைக் கதவில் கையை வைத்துத் தள்ளி, உள்ளே போனார். நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. அசைந்தால் ஏதாவது கெட்டுவிடும்போல இருந்தது.

வெளியே வந்தவரிடம், எப்படித் தெரிந்தது மாமா என்று கேட்டேன்.

"இது ஒண்ணுதான் மினுக்கல."

இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். இது வெறும் பிரைமர், இப்படியே விடக் கூடாது, அழுக்குப் பிடிக்கும், இதன் மேல் மஞ்சள் அடித்தால் இன்னும் பளிச்சென்று இருக்கும் என்று விளக்கினேன். அவர் டின் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அதுவும் மினுக்குமா?"

நான் வாங்கியிருந்தது கடையிலேயே அதிகமாக மின்னுகிற டின். அதைச் சொல்ல வாயெடுத்தேன். முதல் நாள் நடையில் நின்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. இரண்டு வாரமாக நாங்கள் நிறத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது, வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்காத ஒரு கதவு. மஞ்சள் நன்றாக ஒட்டியிருந்தால், நன்றாக ஒட்டிய பளபளப்பான மஞ்சள் கதவுக்கு முன்னால் அவர் நின்றுகொண்டேயிருந்திருப்பார். நான் டேப் வைத்து இழுத்துப் பார்த்துப் பாஸ் போட்டிருப்பேன்.

பளபளப்பில்லாத மஞ்சளும் கிடைக்கும், மாற்றி வாங்கிவருகிறேன் என்றேன். அதற்கு இன்னும் இரண்டு நாள் கொல்லைப்புறம் போக வேண்டும் என்பதை அவரே கணக்குப் போட்டுவிட்டார். "இருக்கட்டும் மாப்ள, இதுவே போதும்" என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய் உட்கார்ந்து, மகளிடம் தண்ணீர் கேட்டார். அவள் டம்ளரில் கொண்டுவந்தாள். சொம்பில் கொண்டுவரச் சொன்னார். என் கையிலிருந்த குச்சியை வாங்கி, டின்னை மூடி, பரணில் தூக்கி வைத்தாள் அவள். நான் வைத்தால் மறுபடி எடுத்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

இது நடந்து ஏழு மாதமாகிறது. எங்கள் வீட்டு நடையில் இப்போது மூன்று முழுமையான கதவுகளும், பாதியில் நிறுத்திய ஒன்றும் இருக்கின்றன. அதில் அவர் கை படுகிற உயரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு, பெயிண்ட் வேலை எப்போது முடியும் என்று தவறாமல் கேட்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு கூசுகிறது. என் வாழ்நாளில் நான் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டாமல் விட்ட மோசமான பரப்பு அதுதான்.

மாமனார் காலையில் ஒரு சொம்பு, மத்தியானத்துக்குள் இன்னொன்று என்று குடிக்கிறார். டாக்டருக்குப் பரம சந்தோஷம். விளைவுகளை அனுபவிப்பவன் நான். எங்கள் கம்பெனி பஸ் தெருமுனைக்கு ஆறு பத்துக்கு வரும். ஆறு மணிக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடைக்குப் போனால், அந்தக் கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறது. மூக்குக்கு நேரே அத்தனை பிரஷ் தடத்தையும் எண்ணிக்கொண்டு நிற்கிறேன். தட்டினால், பதில் நிதானமாக வருகிறது.

"ஆள் இருக்குது மாப்ள. கொல்லப்பக்கம் ஒண்ணு இருக்குதே, அங்க போங்களேன்."